பழுப்புக் கிரேயான்

ஜனவரி பாதியில்
துலூத்தில் ஏரி கதவைச் சாத்திவிடும்.
இரும்புத் தாது ஏற்றும் கப்பல்கள் கரையில் கட்டிக்கிடக்க
கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் வெய்னோ
சமையலறை நடுவில் நிற்பார்,
எந்தப் பக்கம் திரும்பினாலும்
யாரையாவது இடித்துக்கொண்டு.
பனி உடையும் வரை பாதி வருமானம்.

அதனால்தான் என்று சொல்லமாட்டேன்.
ஆனாலும் அந்த மாதங்களில்
எங்கள் வீட்டிலிருந்து குப்பை வண்டிக்கு
ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது.

தெரியாமல் வெந்நீரில் போட்டுச் சுருங்கிய கம்பளிச் சட்டை
இரண்டு ஜோடிக் கையுறை ஆனது,
கட்டைவிரல் மட்டும் கோணல்.
பால் வந்த அட்டைப்பெட்டி
குருவிகளுக்குச் சாப்பாட்டுக் கடை.
துணை தொலைத்த காலுறைக்குப்
பொத்தான் கண் வைத்துக் குதிரை செய்தோம்.
தொலைந்தது கட்டிலடியில் கிடைத்தபோது
"குதிரையை யாரும் கால்ல போடக் கூடாது"
என்றான் ஓலவி. ஐந்து வயது.

அலமாரியில் மூன்று ஊறுகாய் ஜாடிகள்:
செலவு. சேமிப்பு. கொடு.
வருகிற ஒவ்வொரு டாலரிலும் பத்துக் காசு
'கொடு'வுக்குப் போகும்.
கணக்கு இங்காவின் கையில்.
ஒன்பது வயதுதான்,
ஏரியில் போட்டாலும் எண்ணிப் போடுகிறவள்.
மூடியில் ஒட்டிய காகிதத்தில்
தேதி, தொகை, போட்டவர் பெயர்.
ஓலவி பெயருக்கு நேரே:
நாற்பது காசு, ஒரு பொத்தான்,
விழுந்த பல்.

பள்ளிக்கூடம் வீசவிருந்த உடைந்த கிரேயான்களை
ஒரு ஷூ பெட்டி நிறைய வாங்கிவந்தோம்.
தண்ணீரில் ஊறவைத்து
நகத்தால் காகிதம் உரித்து
சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு பச்சை
கேக் அச்சில் உருக்கி வார்த்தோம்.
மூன்று நாள் சூப்பில் மெழுகு வாசனை.
மேசையில் சிந்தியதைச் சுரண்டி
ஓலவி தனியாக ஒன்று வார்த்தான்.
எல்லா நிறமும் சேர்ந்து
சேறு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய நிலவறையில்
காபி நேரத்தில் விற்றார்கள், ஒன்று இருபத்தைந்து காசு.
நாற்பத்து மூன்று போனது.
பழுப்பை எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள்.
எடுத்த இடத்திலேயே வைத்தார்கள்.

அந்தப் பணம், ஜாடியில் இருந்த பணம்,
எல்லாம் சனிக்கிழமை உணவு வங்கிக்கு என்று பேச்சு.

வியாழன் இரவு ஓலவிக்குக் காது வலி.
மருந்துக் கடையில் பதினெட்டு டாலர்.
என் பையில் ஏழு.

ஜாடி திறக்கும் சத்தம்
அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
மூடியில் எழுதிவைத்தேன்:
பதினொன்று எடுத்தேன். மருந்து.
கப்பல் கிளம்பியதும் தருகிறேன். அம்மா.

காலையில் மூடியோடு வந்து நின்றாள் இங்கா.
அழுவாள் என்று நினைத்தேன்,
அல்லது நான் அழுவேன் என்று.
"தேதி போடல. கையெழுத்தும் இல்ல" என்றாள்.
போட்டேன்.

காதில் பஞ்சோடு ஓலவி கேட்டான்:
"அப்போ என் காது ஏழையா?"

யாரும் சிரிக்கவில்லை.
வெய்னோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
ஏற்கெனவே தள்ளியிருந்த பனியை
மறுபடி தள்ளப் போனார்.

சனிக்கிழமை உணவு வங்கியில்
மிச்சமிருந்த சில்லறையைக் கொட்டினோம்.
இங்கா அந்தப் பெண்மணியிடம் சொன்னாள்:
"இன்னும் பதினொரு டாலர் வரணும்.
எங்க அம்மா தரணும்."
அவர் என்னைப் பார்க்காமல்
நோட்டில் குறித்துக்கொண்டார்.
அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன்
எந்த ஜாடியிலும் இல்லை.

மார்ச் கடைசியில் ஒரு விடியலில்
பாலம் உயர, முதல் கப்பல் ஊதியது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
முதல் சம்பளம் வந்த அன்று
பதினொன்றே கால் டாலரை ஜாடியில் போட்டேன்.

இங்கா இரண்டு முறை எண்ணினாள்.
"கால் டாலர் எதுக்கு? வட்டியா?
நான் வட்டி கேக்கலையே."

"வட்டி இல்ல. பழுப்பை வாங்கிட்டேன்."

ஓலவி உள்ளே ஓடி
அதைத் தேய்த்துத் துடைத்துக் கொண்டுவந்தான்,
புதுசு மாதிரி.

கடைக்குப் போக வேண்டிய பட்டியலை
இப்போது அதில்தான் எழுதுகிறேன்.
உருளைக்கிழங்கு, சோப்பு, ரை ரொட்டி.
அழுத்தி எழுதினால்
சில எழுத்தின் வாலில் மட்டும்
கொஞ்சம் ஆரஞ்சு வரும்.